பண்ணைக்கு வெப்சைட் போடப் போகிறீர்களா? டிசைனரிடம் முன்பணம் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

ஓசூர் ரோஜா, கிருஷ்ணகிரி மாம்பழம், ராயக்கோட்டை தக்காளி, சூளகிரி கொத்தமல்லி என்று நம் பகுதியில் விளைவதில் பெரும்பங்கு அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டி பெங்களூருவுக்குத்தான் போகிறது. ஓசூரில் இருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த 40 கிலோமீட்டருக்குள் மண்டி, கமிஷன், ஏஜென்ட் என்று கைமாறிக் கைமாறி, விளைவித்தவருக்கும் வாங்கிச் சாப்பிடுபவருக்கும் நடுவே பெரிய விலை இடைவெளி விழுந்துவிடுகிறது.

இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் பலரும் இப்போது சொந்தமாக வெப்சைட் போடலாமா என்று யோசிக்கிறார்கள். நர்சரி வைத்திருப்பவர்கள், மாந்தோப்பில் இருந்து நேரடியாகப் பழம் அனுப்ப நினைப்பவர்கள், பசுமைக்குடிலில் பூ வளர்ப்பவர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் என எல்லாருக்கும் இந்த எண்ணம் இருக்கிறது. "ஐந்தாயிரம் கொடுங்க, ஒரே வாரத்தில் வெப்சைட் ரெடி" என்று போனில் அழைப்பவர்களுக்கும் குறைவில்லை.

வெப்சைட் போடுவது நல்ல முயற்சிதான். ஆனால் நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்கும் நாம், வெப்சைட் போடும்போது எதையும் பார்ப்பதில்லை. பணம் நம்முடையது, பெயர் நம் பண்ணையுடையது, ஆனால் சாவி டிசைனர் கையில் இருந்துவிடுகிறது. இரண்டு வருடம் கழித்து அவர் போனை எடுக்காவிட்டால், பெட்டியிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்த முகவரி வேலை செய்யாமல் போய்விடும். இதைத் தவிர்க்க என்னென்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், உங்களுக்கு வெப்சைட் தேவையா?

எல்லா விவசாயிக்கும் வெப்சைட் தேவையில்லை. பெங்களூரா மாம்பழத்தை டன் கணக்கில் கூழ் ஆலைக்குக் கொடுப்பவருக்கு வெப்சைட்டால் பெரிய பயன் கிடையாது. அங்கே விலையை முடிவு செய்வது ஆலைகள்தான். தக்காளியை அன்றன்றைக்கு மார்க்கெட்டுக்கு ஏற்றுபவருக்கும் அப்படியே. அவர்களுக்கு உழவன் செயலியில் விலை நிலவரம் பார்ப்பதும், அருகில் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இ-நாம் வசதி உள்ளதா என்று விசாரிப்பதும்தான் முதல் வேலை.

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் வெப்சைட் பற்றி யோசிக்கலாம்:

- நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் பொருள் இருக்கிறது. உதாரணம்: பழுக்க வைத்த அல்போன்சா, இமாம் பசந்த், மல்கோவா, பூங்கொத்து, நாற்று, தேன், நாட்டுக்கோழி முட்டை.
- வெளியூர் ஆட்கள் உங்களைத் தேடி வரவேண்டிய தொழில். உதாரணம்: நர்சரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பண்ணை விடுதி, பசுமைக்குடில் அமைத்துத் தரும் வேலை.
- கம்பெனிகள், ஓட்டல்கள், கல்யாண மண்டபங்கள் ஆகியவற்றுக்கு மொத்தமாகச் சப்ளை செய்கிறீர்கள். அவர்கள் ஆர்டர் கொடுக்கும் முன் உங்களைப் பற்றி இணையத்தில் தேடுவார்கள்.
- உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறீர்கள். வங்கியும் கொள்முதல் நிறுவனமும் உங்கள் விவரத்தைப் பார்க்க ஓர் இடம் வேண்டும்.

இவற்றில் எதுவாக இருந்தாலும், வெப்சைட்டுக்குச் செலவு செய்யும் முன் இரண்டு இலவச வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, கூகுள் பிசினஸ் புரொஃபைலில் உங்கள் பண்ணையைப் பதிவு செய்து மேப்பில் வரச் செய்வது. இதற்குக் கட்டணம் கிடையாது. "கூகுளில் இருந்து பேசுகிறோம், உங்கள் கடையை மேப்பில் வைக்கப் பணம் கட்டுங்கள்" என்று யார் கேட்டாலும் அது ஏமாற்று வேலை. இரண்டு, வாட்ஸ்அப் பிசினஸில் பொருள், படம், விலையோடு கேட்டலாக் போடுவது. இதுவும் இலவசம். இவை இரண்டையும் ஒரு பருவம் நடத்திப் பாருங்கள். அழைப்புகள் வந்து, ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டிய நிலை வந்தால், வெப்சைட்டுக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் சொல்லும் பாடம்

கர்நாடகத்தில் அரசு நிறுவனமான மாம்பழ வளர்ச்சி மற்றும் சந்தைப்படுத்தல் கழகம் 'கர்சிரி மேங்கோஸ்' என்ற இணையதளத்தை நடத்துகிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கில் மார்க்கெட்டுகள் முடங்கியபோது, பெங்களூரு மக்கள் இதில் ஆர்டர் போட்டு விவசாயிகளிடம் இருந்து நேரடியாகப் பழம் வாங்கினார்கள். பழத்தை 3 கிலோ பெட்டியாகக் கட்டி விவசாயி கொடுக்க, தபால் துறை வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இதில் நமக்கு உள்ள பாடம் என்ன? இணையதளம் ஆர்டரை மட்டும்தான் வாங்கித் தந்தது. பெட்டி அளவை ஒன்றாக்கியது, கொண்டுசேர்க்க தபால் துறையைப் பிடித்தது, பெங்களூருவை மட்டும் எல்லையாக வைத்துக்கொண்டது ஆகியவை சேர்ந்துதான் வியாபாரத்தை நடத்தின. ஆகவே டிசைனரைத் தேடும் முன் இந்த நான்கு கேள்விகளுக்கு ஒரு தாளில் பதில் எழுதுங்கள்:

1. என்ன பொருள், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை?
2. எந்த அளவில் கட்டித் தருவீர்கள்? விலை எவ்வளவு?
3. எந்தப் பகுதிவரை அனுப்புவீர்கள்? யார் கொண்டுபோவது? எலக்ட்ரானிக் சிட்டி, சர்ஜாபூர் வரை வண்டி விடமுடியும் என்றால் அதை மட்டும் எழுதுங்கள்.
4. பழம் அழுகிப் போனால், பூ வாடிப் போனால் பணம் திரும்பவா, வேறு பொருளா?

இந்தத் தாள்தான் டிசைனருக்கு நீங்கள் கொடுக்கும் வேலை விவரம். இது இல்லாமல் போனால், அவர் வேறு ஏதோ கம்பெனியின் வெப்சைட்டில் இருந்து நகல் எடுத்து உங்கள் பெயரைப் போட்டுக் கொடுத்துவிடுவார்.

வெப்சைட் என்பது மூன்று தனித்தனிப் பொருள்கள்

டிசைனர்கள் எல்லாவற்றையும் ஒரே பில்லில் சொல்வதால் குழப்பம் வருகிறது. பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்.

*டொமைன்:* இதுதான் உங்கள் வெப்சைட்டின் பெயர், முகவரி. டாட் காம், டாட் இன் என்று முடியும். இந்தியாவுக்கான டாட் இன் பெயர்களை நிக்ஸி என்ற தேசிய இணைய பரிமாற்ற அமைப்பு நிர்வகிக்கிறது. தமிழிலேயே டாட் இந்தியா என்று முடியும் பெயரும் வாங்கலாம். ஆனால் பெங்களூரு வாடிக்கையாளர் தட்டச்சு செய்யச் சிரமப்படுவார் என்பதால் அதைக் கூடுதலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டொமைன் ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் சொந்தம் என்று நினைக்கவேண்டாம். அது குத்தகை மாதிரி. ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புதுப்பிக்கும்வரைதான் உங்கள் பெயரில் இருக்கும்.

*ஹோஸ்டிங்:* உங்கள் வெப்சைட்டின் பக்கங்களும் படங்களும் வைக்கப்பட்டிருக்கும் கம்ப்யூட்டரில் வாடகைக்கு எடுக்கும் இடம். வாடகைக் குடோன் மாதிரி. இதற்கும் ஆண்டு வாடகை உண்டு.

*டிசைன்:* பக்கங்களை வடிவமைத்து, படம், எழுத்து, போன் பட்டன் எல்லாம் வைத்துக் கட்டிக் கொடுக்கும் வேலை. டிசைனருக்கு நீங்கள் கொடுக்கும் கூலி இதற்குத்தான்.

குடோன் வாடகை ஒத்துவரவில்லை என்றால் வேறு குடோனுக்குப் போகலாம். கட்டிக்கொடுத்த கொத்தனார் சரியில்லை என்றால் வேறு ஆளை வைக்கலாம். ஆனால் குத்தகைச் சீட்டே வேறு ஒருவர் பெயரில் இருந்தால்? அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

டிசைனர் டொமைனைத் தன் கணக்கில், தன் மெயில் ஐடியில், தன் போன் நம்பரில் வாங்கினால், பதிவேட்டின்படி அதன் உரிமையாளர் அவர்தான். பணம் நீங்கள் கொடுத்திருந்தாலும் சரி, பெயர் உங்கள் தாத்தா பெயரில் உள்ள பண்ணையாக இருந்தாலும் சரி. பெரும்பாலான டிசைனர்கள் ஏமாற்றும் எண்ணத்தில் இப்படிச் செய்வதில்லை. வாடிக்கையாளருக்கு மெயில் பார்க்கும் பழக்கம் இல்லை, ஓடிபி கேட்டால் தாமதமாகும், நாமே போட்டுவிடலாம் என்ற எண்ணம்தான். ஆனால் அவர் வேலையை விட்டுவிட்டு வெளியூர் போனாலோ, தொழிலை மூடினாலோ, உங்களோடு மனஸ்தாபம் வந்தாலோ, அந்தப் பெயர் உங்கள் கைக்கு எட்டாது.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு நர்சரிக்காரர் மூன்று ஆண்டாக ஒரே முகவரியை நாற்றுக் கவர், வண்டி, பில் புக் எல்லாவற்றிலும் அச்சடித்து வந்தார் என்று வைத்துக்கொள்வோம். புதுப்பிக்கச் சொல்லும் மெயில் டிசைனரின் பழைய ஐடிக்குப் போகிறது. அவர் பார்க்கவில்லை. டொமைன் காலாவதி ஆகிறது. சில வாரங்கள் அவகாசம் இருக்கும். அதன்பின் மீட்கக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அதையும் தாண்டினால் அந்தப் பெயரை உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நல்ல பெயர் என்றால் அதை வாங்கி, நூறு மடங்கு விலை சொல்லி விற்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

இதைத் தவிர்ப்பது கடினம் இல்லை:

1. பண்ணைக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் ஐடி தொடங்குங்கள். அதன் மீட்பு எண்ணாக உங்கள் போன் நம்பரையும், வீட்டில் மகன் அல்லது மகள் நம்பரையும் கொடுங்கள்.
2. டொமைன் விற்கும் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த ஐடியில் நீங்களே கணக்குத் தொடங்குங்கள். பத்து நிமிட வேலை. டிசைனரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டும் செய்யலாம்.
3. பதிவு செய்பவர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயர் அல்லது நிறுவனத்தின் பெயர் இருக்கவேண்டும். பணத்தை உங்கள் யுபிஐ அல்லது கார்டில் இருந்து கட்டுங்கள். ரசீது உங்கள் மெயிலுக்கு வரவேண்டும்.
4. முடிந்தால் ஒரே தடவையில் மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குக் கட்டிவிடுங்கள். ஒரு டொமைனுக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு பொதுவாக ஓர் ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். முதல் ஆண்டு சலுகை விலையைப் பார்த்து ஏமாறாமல், புதுப்பிக்கும் விலை என்ன என்று பாருங்கள்.
5. புதுப்பிக்கும் தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

டிசைனருக்கு வேலை செய்யக் கடவுச்சொல் தேவைப்படும். கொடுங்கள். வேலை முடிந்ததும் மாற்றிவிடுங்கள். ஓடிபியை மட்டும் போனில் யாருக்கும் சொல்லவேண்டாம். அவர் எதிரில் இருக்கும்போது, எதற்கான ஓடிபி என்று படித்துப் பார்த்துவிட்டு நீங்களே போடுங்கள்.

நல்ல டிசைனரைக் கண்டுபிடிப்பது எப்படி?

நம் பகுதியில் மூன்று வகையினர் கிடைப்பார்கள். ஓசூர், கிருஷ்ணகிரியில் சிறிய அலுவலகம் வைத்திருப்பவர்கள், பெங்களூரு கம்பெனிகள், தனியாக வேலை எடுக்கும் இளைஞர்கள். பெங்களூரு கம்பெனிகளில் செலவு கூடுதலாக இருக்கும், சிறிய வேலைக்கு அவர்கள் அக்கறை காட்டுவதும் குறைவு. தனி இளைஞர் குறைந்த செலவில் செய்வார், ஆனால் நல்ல வேலை கிடைத்ததும் போய்விடக்கூடும். உள்ளூர் அலுவலகம் என்றால் நேரில் போய்க் கேட்கலாம். எந்த வகை என்பதைவிட, கீழே உள்ள சோதனைகளில் தேறுகிறாரா என்று பாருங்கள்.

*செய்து முடித்த மூன்று வெப்சைட்டைக் கேளுங்கள்.* அவற்றை உங்கள் போனில் திறந்து பாருங்கள். டிசைனரின் லேப்டாப்பில் எல்லா வெப்சைட்டும் அழகாகத்தான் தெரியும். தோட்டத்தில், சிக்னல் குறைவான இடத்தில் நின்று திறந்து பாருங்கள். உங்கள் வாடிக்கையாளரும் போனில்தான் பார்க்கப்போகிறார்.

*அந்த மூன்று பேரையும் போனில் அழைத்துப் பேசுங்கள்.* கேட்கவேண்டியது இரண்டே கேள்வி: "வெப்சைட் போட்டு ஒரு வருடத்துக்கு அப்புறமும் கூப்பிட்டால் வருகிறாரா? டொமைன் உங்கள் பெயரில் இருக்கிறதா?"

*அவர் உங்களிடம் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள்.* நல்ல டிசைனர் முதல் சந்திப்பிலேயே யாருக்கு விற்கிறீர்கள், எப்படி அனுப்புகிறீர்கள், படம் இருக்கிறதா என்று கேட்பார். எதையும் கேட்காமல் நேராக விலை சொல்பவர் எல்லாருக்கும் ஒரே சட்டையைத் தைப்பவர்.

*"கூகுளில் முதல் இடம் கேரண்டி" என்றால் விலகிவிடுங்கள்.* முதல் இடத்தை யாராலும் உறுதி தரமுடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது.

விலையை ஒப்பிடுவது எப்படி?

ஐந்து பக்கம் உள்ள சாதாரண வெப்சைட்டுக்கும், ஆர்டர் எடுத்துப் பணம் வாங்கும் வெப்சைட்டுக்கும் விலை வித்தியாசம் அதிகம். ஆரம்பத்தில் ஐந்து பக்கமே போதும்: முகப்பு, பொருளும் விலையும், பண்ணை பற்றி, டெலிவரி விவரம், தொடர்புக்கு. பணம் வாங்க யுபிஐ கியூஆர் குறியீடும் வாட்ஸ்அப் பட்டனும் போதுமானவை. தினம் இருபது, முப்பது ஆர்டர் வரும்போது பேமெண்ட் கேட்வே பற்றி யோசிக்கலாம்.

இரண்டு டிசைனர்களின் விலையை ஒப்பிடும்போது முதல் ஆண்டுத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். கணக்கு இப்படிப் போடுங்கள். ஒருவர் முதலில் 8,000 ரூபாயும் அடுத்து ஆண்டுக்கு 6,000 ரூபாயும் கேட்கிறார். இன்னொருவர் முதலில் 15,000 ரூபாயும் அடுத்து ஆண்டுக்கு 3,000 ரூபாயும் கேட்கிறார். மூன்று ஆண்டில் முதலாமவருக்கு 20,000, இரண்டாமவருக்கு 21,000. கிட்டத்தட்டச் சமம். ஐந்து ஆண்டில் முதலாமவருக்கு 32,000, இரண்டாமவருக்கு 27,000. மலிவாகத் தெரிந்தவர்தான் கடைசியில் அதிகம் வாங்குகிறார்.

ஆண்டுக் கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்று கட்டாயம் கேளுங்கள். டொமைன், ஹோஸ்டிங் இரண்டும் சேர்த்தா? விலை மாற்ற ஒவ்வொரு தடவையும் தனிக் காசா? மாம்பழப் பருவத்தில் வாரம் ஒருமுறை விலை மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 500 ரூபாய் என்றால் கட்டுப்படியாகாது. விலையையும் இருப்பையும் நீங்களே போனில் மாற்றும் வசதியோடு செய்து தரச் சொல்லுங்கள். அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் ஒதுக்கவேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

டிசைனர் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீத வரி தனியாக வரும். சொன்ன விலை வரியோடு சேர்த்தா, இல்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. போடுபவர் என்றால் எண்ணோடு உள்ள பில் வாங்குங்கள்.

வாய்ப்பேச்சு போதாது, ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள்

வெப்சைட்டின் படைப்புரிமை பற்றிப் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாத வெளியாள் ஒருவர் எழுதிய நிரலின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பொதுவாக அவருடையதுதான். உரிமையை உங்களுக்கு மாற்றவேண்டும் என்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும். அதிலும் எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுதான் என்று எடுத்துக்கொள்ளப்படும். எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஆகவே "காசு கொடுத்தேன், எல்லாம் என்னுடையது" என்ற வாதம் தானாக நிற்காது.

எழுதி வாங்கவேண்டியவை:

1. டொமைனும் ஹோஸ்டிங் கணக்கும் பண்ணை உரிமையாளர் பெயரில் இருக்கும்.
2. எத்தனை பக்கங்கள், எந்த மொழிகளில், எந்தத் தேதிக்குள்.
3. மொத்தத் தொகை, வரி, ஆண்டுக் கட்டணம், அதில் அடங்குபவை.
4. எத்தனை முறை திருத்தம் இலவசம்.
5. முழுத் தொகை கிடைத்ததும் வடிவமைப்பு, நிரல், படங்கள் ஆகியவற்றின் உரிமை நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும் வாடிக்கையாளருக்கு மாறும்.
6. வேலை முடிந்ததும் எல்லாக் கடவுச்சொற்களும், வெப்சைட்டின் முழு நகலும் ஒப்படைக்கப்படும்.
7. வெப்சைட் திறக்காமல் போனால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்யப்படும்.
8. பிரிய நேர்ந்தால் எத்தனை நாளில் எல்லாவற்றையும் ஒப்படைக்கவேண்டும்.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள். 30 சதவீதம் முன்பணம், வடிவமைப்பைப் போனில் பார்த்து ஒப்புக்கொண்ட பின் 40 சதவீதம், கடவுச்சொற்களை வாங்கி நீங்களே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்த பின் மீதி 30 சதவீதம். கடைசித் தவணையை ஒப்படைப்புக்கு முன்னால் கொடுத்துவிட்டால், பிறகு கேட்டு அலையவேண்டி வரும்.

வெப்சைட்டில் என்ன இருக்கவேண்டும், என்ன இருக்கக்கூடாது

*மொழி:* நம் எல்லைப் பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுகிறோம். வாடிக்கையாளர் பெங்களூருவில் என்றால் ஆங்கிலமும் கன்னடமும் அவசியம். கன்னடத்தைக் கம்ப்யூட்டர் மொழிபெயர்ப்பில் அப்படியே போடாமல், தெரிந்தவர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்துத் திருத்துங்கள். தமிழ்ப் பகுதி யூனிகோடு எழுத்தில் இருக்கவேண்டும். அச்சகங்களில் பயன்படும் பழைய எழுத்துருவில் போட்டால் பல போன்களில் சரியாகத் தெரியாது, கூகுள் தேடலிலும் வராது.

*படம்:* இணையத்தில் கிடைக்கும் ஆப்பிரிக்க ரோஜாத் தோட்டப் படத்தை டிசைனர் எடுத்துப் போட்டால், படத்தின் உரிமையாளர் உங்களிடம்தான் நஷ்டஈடு கேட்பார். வாடிக்கையாளரும் நேரில் வந்தால் ஏமாற்றம் அடைவார். காலை வெயிலில் உங்கள் தோட்டத்தை, உங்கள் பெட்டியை, தரம் பிரிக்கும் ஆட்களை உங்கள் போனிலேயே எடுங்கள். அதுவே நம்பிக்கை தரும். படத்தின் அளவைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பக்கம் திறக்கத் தாமதமாகும்.

*இயற்கை விளைபொருள் என்ற சொல்:* சான்று இருந்தால் மட்டும், சான்று எண்ணோடு போடுங்கள். அழகுக்காக டிசைனர் சேர்த்த ஒரு வார்த்தைக்கும் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான். மாம்பழம் விற்பவர்கள் எப்படிப் பழுக்க வைக்கிறீர்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். கால்சியம் கார்பைடு தடை செய்யப்பட்டது என்பது வாங்குபவர்களுக்கும் தெரியும். அவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான்.

*உரிமங்கள்:* கூழ், ஊறுகாய், ஜாம் போன்ற பதப்படுத்திய உணவு விற்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். அதன் 14 இலக்க எண்ணை வெப்சைட்டிலும் போடுங்கள். சொந்த நிலத்தில் விளைந்ததை அப்படியே விற்கும் விவசாயிக்கு, அந்த விற்பனைக்காக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. ஆனால் பதப்படுத்திய பொருளைக் கர்நாடகத்துக்கு விற்பதாக இருந்தால், வெப்சைட் தொடங்கும் முன்னரே ஆடிட்டரைப் பாருங்கள். ஆன்லைனில் விற்பவர் தன் பெயர், முகவரி, தொடர்பு எண், பணம் திருப்பித் தரும் முறை ஆகியவற்றைத் தெளிவாகக் காட்டவேண்டும் என்று 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன.

*பாதுகாப்பு:* வெப்சைட்டைத் திறக்கும்போது "பாதுகாப்பற்றது" என்று காட்டினால் எஸ்.எஸ்.எல். சான்று போடவில்லை என்று பொருள். இது இலவசமாகவே கிடைக்கிறது. இதற்கென்று தனியாகப் பெரிய தொகை கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

*பெயர்:* பண்ணையின் பெயர் நன்றாகப் பிரபலம் ஆகும் என்று நினைத்தால் வணிகக் குறியாகப் பதிவு செய்யுங்கள். புதிய பழம், பூ, நாற்று எல்லாம் 31-ம் வகுப்பில் வரும். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு

மகாராஷ்டிரத்தில் தேவ்கட் தாலுகா மாம்பழ உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் சொந்த இணையதளம் வைத்து அல்போன்சா விற்கிறது. தனி விவசாயியைவிடக் கூட்டாகச் செய்வதில் லாபம் அதிகம். ஒரே வெப்சைட் செலவை எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாம்.

ஆனால் ஒரு கவனம் தேவை. டொமைன் தலைமைச் செயல் அலுவலரின் சொந்த மெயிலில் இருக்கக்கூடாது. அவர் மாறினால் வெப்சைட்டும் போய்விடும். நிறுவனத்தின் பெயரில் மெயில் ஐடி, இரண்டு இயக்குநர்களுக்கு மீட்பு வசதி, இயக்குநர் குழுத் தீர்மானத்தில் பதிவு ஆகிய மூன்றும் வேண்டும். மூன்று விலைப்புள்ளி வாங்கி, எதை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று மினிட் புத்தகத்தில் எழுதுங்கள். நாளைக்கு உறுப்பினர் கேட்டால் பதில் இருக்கும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்யலாம்?

1. முதலில் சண்டை போடாதீர்கள். சாவி அவர் கையில் இருக்கிறது. பாக்கி இருந்தால் கணக்கை முடித்துவிட்டு, டொமைனை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரும்படி வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் எழுதிக் கேளுங்கள். பல இடங்களில் இதிலேயே முடிந்துவிடும். ஒரே நிறுவனத்துக்குள் கணக்கு மாற்றுவது எளிது. வேறு நிறுவனத்துக்கு மாற்ற, பரிமாற்றக் குறியீடு என்ற ஒன்றை அவர் எடுத்துத் தரவேண்டும்.
2. பணம் கொடுத்த ரசீது, யுபிஐ விவரம், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றைச் சேமித்து வையுங்கள். அழித்துவிடாதீர்கள்.
3. அவர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான மனுவுக்குக் கட்டணம் இல்லை. வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக வாங்கிய சேவை என்று நீங்கள் பதில் வாதம் வைக்கலாம். அதை மனுவில் தெளிவாக எழுதுங்கள்.
4. உங்கள் பெயரில் போலி வெப்சைட் வைத்து யாராவது முன்பணம் வசூலித்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.
5. இதற்கிடையே வியாபாரம் நிற்கக்கூடாது. புதிய டொமைன் ஒன்றை உங்கள் பெயரில் வாங்கி, கூகுள் மேப்பிலும் வாட்ஸ்அப்பிலும் முகவரியை மாற்றிவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை சரிபாருங்கள்

- டொமைன் என் பெயரில், என் மெயிலில் இருக்கிறதா?
- ஐந்து ஆண்டுக்கு மொத்தச் செலவு எவ்வளவு?
- விலையை நானே மாற்ற முடியுமா?
- அவர் செய்த மூன்று வெப்சைட்டைப் போனில் பார்த்தேனா? உரிமையாளர்களிடம் பேசினேனா?
- எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா?
- கடைசித் தவணை இன்னும் என் கையில் இருக்கிறதா?

ஆறுக்கும் ஆம் என்று பதில் வந்தால் தைரியமாகத் தொடங்கலாம். மா அறுவடை சூடுபிடிக்கும் மே மாதத்தில் வெப்சைட் வேலையை ஆரம்பிக்காதீர்கள். பூ பூக்கும் தை, மாசியிலேயே டிசைனரைப் பிடித்து, சித்திரைக்குள் வெப்சைட்டைத் தயார் செய்துவிடுங்கள். காதலர் தினத்துக்கு ரோஜா விற்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையிலேயே தொடங்கவேண்டும். முதல் ஆர்டர் உங்களுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். போனில் ஆர்டர் போட்டு, பணம் கட்டி, பெட்டி எலக்ட்ரானிக் சிட்டியில் உள்ள உறவினர் வீட்டுக்குப் பழுதில்லாமல் போய்ச் சேர்கிறதா என்று பார்த்த பிறகு, முகவரியைப் பெட்டியில் அச்சடிக்கக் கொடுங்கள்.